குட்டைக் கரையில் பி.எச். தாள்

கடலூரில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கினேன். 1 முதல் 14 வரை காட்டும். 80 தாள், 90 ரூபாய். கூடவே இறால் பண்ணைக்காரர்கள் வாங்கும் சொட்டு கிட் ஒன்று. மூன்று வாரம் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போகவர, கையில் கிடைத்த தண்ணீரையெல்லாம் சோதித்தேன்.

வீட்டில் தாள் ஏமாற்றவில்லை. எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவந்து 2-ல் நின்றது. புளித்த மோர் 4. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் கருநீலமாகி 12. தேவனாம்பட்டினம் கடல் நீர் 8.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் செக்கச் சிவக்கிறதே, அதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. இழந்த மூலக்கூறு வேறு ஒளியை உறிஞ்சுகிறது, நம் கண்ணுக்கு நிறம் மாறிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு நிறங்காட்டியும் தனக்கென்று உள்ள இடத்தில்தான் மாறும். மீத்தைல் ஆரஞ்சுக்கு அது 3.1 முதல் 4.4 வரை. பினால்ப்தலீன் 8.2 தாண்டினால்தான் இளஞ்சிவப்பு காட்டும். பல நிறங்காட்டிகளைக் கலந்து ஊறவைத்ததால்தான் இந்தத் தாளில் வானவில் வரிசையே தெரிகிறது.

உண்மையான சோதனை பரங்கிப்பேட்டைப் பக்கம் ஓர் இறால் குட்டையில் நடந்தது. காலை 6 மணிக்குத் தாளை நனைத்தேன்: 8. மாலை 4 மணிக்கு நனைத்தேன்: அதே 8. குட்டைக்காரர் வைத்திருந்ததும் இதே மாதிரித் தாள்தான். "எப்பவும் எட்டுதாண்ணே காட்டும்" என்றார். பிறகு கிட்டை எடுத்தேன். கண்ணாடிக் குழாயில் கோடு வரை நீர், நாலு சொட்டு மருந்து, மூடிக் குலுக்கி அட்டையோடு ஒப்பிட்டால், அன்று மாலை 8.4. மறுநாள் விடியலில் 7.8.

வித்தியாசம் 0.6தான். ஆனால் 1909-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் வகுத்த இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 0.6 என்றால் ஏறக்குறைய நாலு மடங்கு. பகலில் நீர்ப்பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது, இரவில் எல்லா உயிரும் மூச்சு விட, இறங்குகிறது. ஒரு நாளைக்குள் 0.5-க்கு மேல் ஆடினால் இறால் சோர்ந்துவிடும். பி.எச். ஏற ஏற, நீரில் உள்ள அம்மோனியாவின் நஞ்சும் கூடும். முழு எண்ணில் மட்டும் பேசும் தாளுக்கு இந்த ஆட்டம் எதுவுமே தெரியவில்லை. இறால் வளர்ப்பவர் இந்தத் தாளை நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கிட்டிலும் குறை உண்டு. குட்டை நீரே பச்சையாக இருப்பதால் மருந்தின் நிறம் அதில் மங்குகிறது. மருந்து விடாத குட்டை நீரை இன்னொரு குழாயில் எடுத்து, அட்டையின் நிறத்துக்கு முன்னால் பிடித்து ஒப்பிட்டால் சரியாகப் படிக்கலாம். நிழலில் நின்று, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள். தென்னை ஓலைக்கு எதிரே பிடித்தால் எல்லாமே பச்சைதான்.

தாள் கட்டைத் திறந்தே வைத்ததில், இரண்டாம் வாரத்தில் கடற்காற்றின் ஈரம் ஏறி நிறம் சோர்ந்துவிட்டது. இறுக்கி மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். மழைநீரில் நிறம் சட்டென்று ஏறாது. ஒரு நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் தாளைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்க போர் தண்ணி நல்லதா, சொல்லுங்க." இதற்கு இந்தத் தாளால் பதில் சொல்ல முடியாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்தது 6.5 முதல் 8.5 வரை. அதற்குள் அழகாக 7 காட்டும் நீரிலும் ஈயமோ கரைப்பான்களோ இருக்கலாம். நிறங்காட்டி எண்ணுவது ஹைட்ரஜன் அயனியை மட்டுமே. அவர்கள் கேட்க வேண்டியது ஆய்வகத்தின் முழுப் பரிசோதனையை. தாளைக் காட்டி அவர்களுக்குத் தைரியம் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் தாள் தாராளமாகப் போதும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டித் தாளை முக்கிக் காயவைத்தேன். எலுமிச்சைக்கு ஊதாச் சிவப்பாகவும் சுண்ணாம்புக்குப் பச்சையாகவும் மாறியது. காசு செலவில்லை. ஆனால் எண் சொல்லாது.

கிட்டைக் குட்டைக்காரரிடமே விட்டுவிட்டு வந்தேன். ஆட்டத்தைக் குறைக்க அவர் டோலமைட் போட்டிருந்தார். ஐந்தாம் நாள் மாலை போன் செய்தார். "காலையில ஏழு எட்டு, இப்ப எட்டு ரெண்டுண்ணே. நெழல்ல நின்னுதான் பாத்தேன்."