திருவாதிரையும் பீதிச் செய்திகளும்

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. ஓரியன் தொகுதியின் தோள்பகுதியில் செந்நிறமாக ஒளிரும் இதனை வானியலார் பெட்டல்ஜூஸ் என்பர். 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் பாதிக்கும் கீழே சென்றது. உடனே ‘வெடிக்கப் போகிறதா?’, ‘பூமிக்கு ஆபத்தா?’ என்று செய்திகள் கிளம்பின. விண்மீனிலிருந்து வெளியேறிய வாயு குளிர்ந்து, தூசியாகி, ஒளியை மறைத்ததே காரணம் என்று 2021இல் ஆய்வாளர்கள் விளக்கினர். அதற்குள் விண்மீன் பழைய ஒளியைப் பெற்றுவிட்டது. அச்சம் மட்டும் அகன்றபாடில்லை. வகுப்பில் சூப்பர்நோவா என்ற சொல்லை எடுத்தாலே மாணவர் கேட்கும் முதல் கேள்வி, ‘நாம் பிழைப்போமா?’ என்பதுதான்.

கேள்வியில் குற்றமில்லை. அதற்கு விடை தரும் எண் தூரம். அதைத்தான் அச்செய்திகளுள் பல கடைசிப் பத்திக்குத் தள்ளின. சில அறவே விட்டுவிட்டன. கதிர்வீச்சின் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்தில் குறையும் என்பது பள்ளிப் பாடம். ஒரு சூப்பர்நோவா பூமியின் உயிரினங்களுக்குப் பெருங்கேடு விளைவிக்க வேண்டுமானால், அது சுமார் 25 அல்லது 30 ஒளியாண்டுக்குள் வெடிக்க வேண்டும் என்பது நெடுநாளைய கணிப்பு. (அண்மைக் கணிப்புகள் சில இவ்வெல்லையை 50 வரை நீட்டுகின்றன.) திருவாதிரையோ 500 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது. 25க்கு 500 என்றால் 20 மடங்கு. செறிவு 400இல் ஒரு பங்கு. இந்தக் கணக்குக்கு இரண்டு வரி போதாதா?

ஆபத்து எவ்வாறு வரும் என்பதிலும் குழப்பமே. பூமி தீப்பற்றி எரிவதாகப் படம் போடுகிறார்கள். அஞ்ச வேண்டியது அந்த வெப்பத்திற்கன்று. காமாக் கதிர்களும், அவற்றிற்கு வெகுகாலம் பின்னால் வரும் காஸ்மிக் கதிர்களும் மேல் வளிமண்டலத்தின் நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிளக்கும். அதனால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும். அப்புறம் நம்மைத் தாக்குவது நம் சூரியனின் புற ஊதாக் கதிர்தான். கூரையைப் பிரிப்பவன் ஒருவன், சுடுபவன் வேறொருவன்!

மறுப்பு எழுதுவோரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ‘ஆபத்தே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சூப்பர்நோவா எதுவும் பூமியைத் தொட்டதே இல்லை என்று படிப்பவர் எண்ணிவிடுவர். தொட்டிருக்கிறது.

பசிபிக் கடலடியில் இரும்பும் மாங்கனீசும் கலந்த மேலோடு படிகிறது. பத்து லட்சம் ஆண்டுகளில் அது சில மில்லிமீட்டரே வளரும். 1999இல் ஜெர்மனியின் ம்யூனிக் நகர ஆய்வாளர்கள் அதில் இரும்பு-60 என்னும் கதிரியக்க ஐசோடோப்பின் அணுக்களைக் கண்டனர். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 26 லட்சம் ஆண்டுகள். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகள். பூமி பிறந்தபோது இருந்த இரும்பு-60 எப்போதோ சிதைந்து தீர்ந்திருக்கும். ஆகவே இது பின்னாளில் வெளியிலிருந்து வந்தது. பெரிய விண்மீன்களின் உள்ளே உருவாகி, அவை வெடிக்கையில் சிதறும் பொருள் இது. அடுக்குகளின் வயதைக் கணக்கிட்டதில், 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இது மிகுதியாக வந்து விழுந்தது தெரிந்தது. அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த நிலவு மண்ணிலும் இரும்பு-60 இருப்பது 2016இல் வெளியாயிற்று. வெடிப்பு நிகழ்ந்த தூரம் 150 முதல் 300 ஒளியாண்டு என்று மதிப்பிடுகின்றனர். அக்காலத்தில் ஆப்பிரிக்காவில் நம் முன்னோர் நடமாடிக் கொண்டிருந்தனர், பிழைத்தும் இருந்தனர். மாணவனின் கேள்விக்கு இதைவிட நல்ல விடை எங்கே கிடைக்கும்?

அண்டார்க்டிகாவில் 20 ஆண்டுகளுக்குள் பெய்த பனியில் 500 கிலோகிராம் எடுத்து உருக்கி, அதிலும் ஒரு சில இரும்பு-60 அணுக்களை ஆய்வாளர்கள் கண்டதாக 2019இல் அறிவித்தனர். அதாவது விண்மீன் சாம்பல் இன்றும் நம்மீது விழுந்துகொண்டிருக்கிறது. திருவாதிரை மங்கிய அதே ஆண்டில் வந்த இச்செய்திக்குக் கொட்டை எழுத்துத் தலைப்பு எதையும் நான் காணவில்லை.