வெயில் முதிர்த்த மால்ட்

சிறுவாச்சூரின் சித்திரை வெயிலில் இருந்துகொண்டு சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்க நினைப்பவருக்கு, ஸ்காட்லாந்துக்கு முன்னால் பெங்களூரைத்தான் கைகாட்டுவேன். ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடிப்பது சிங்கிள் மால்ட். 1948-ல் பெங்களூரில் தொடங்கிய அம்ருத் நிறுவனம், தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகப்படுத்தியது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

லேபிளில் வயதைத் தேடி ஏமாற வேண்டாம். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாய்ச் சரக்கு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். வெப்பத்தில் சாராயம் ஓக் மரத்தின் சாரத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது. அதனால் நம் நாட்டு மால்ட் சில ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடும்.

வயதைவிட, பார்லி புகையூட்டப்பட்டதா, எந்தப் பீப்பாய், எத்தனை சதவீத ஆல்கஹால் என்று பாருங்கள். புகைவாசம் பழகாதவர்கள் கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸில் தொடங்கலாம்; புகையே இல்லாத, தேன்சுவை கொண்ட மால்ட் அது. அடுத்து அம்ருத் ஃப்யூஷன்: இந்திய பார்லியோடு பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகையேறிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்தது, ஆல்கஹால் 50 சதவீதம்.

வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் கொஞ்சமாக ஊற்றி, முதலில் முகருங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் விரியும். ஐஸ் அதை அடக்கிவிடும். பாட்டிலை வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தியே வையுங்கள். நல்ல மால்ட்டுக்கு அளவும் நிதானமுமே அழகு.