சிவப்புக் கயிறும் சிவப்பு மையும்

சீன எழுத்தாளர் லூ சுன் 1926 அக்டோபரில் எழுதிய ‘ஃபுஜினோ சென்செய்’ சில பக்கங்களே கொண்ட நினைவுக் கட்டுரை. 1904-இல், ஏறக்குறைய 23 வயதில், ஜப்பானின் செண்டாய் நகரத்து மருத்துவப் பள்ளியில் தாம் சேர்ந்த கதையை அதில் சொல்கிறார். அயல்நாட்டுக்குப் படிக்கப் போனவர்கள் பெரும்பாலும் ஊர் ஏக்கத்தை எழுதுவார்கள். லூ சுன் கொசுவை எழுதுகிறார், சூப்பை எழுதுகிறார், நோட்டில் விழுந்த சிவப்பு மையை எழுதுகிறார். படித்து முடிக்கும்போது அந்த ஏக்கம் நமக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பயணம். டோக்கியோ அவருக்குச் சலித்துவிட்டது. உவேனோ பூங்காவில் செர்ரி பூத்தால் அங்கே சீன மாணவர் கூட்டம். நீண்ட சடையைச் சுருட்டி உள்ளே அடைத்ததில் அவர்கள் தொப்பிகள் ஃபுஜி மலை போலக் கூம்பி நிற்கும். மாலையில் மாணவர் மன்றத்தில் நடனம் பழகுவார்கள். தரை அதிரும், புழுதி பறக்கும். இதையெல்லாம் விட்டுச் சீன மாணவர் இல்லாத ஊரைத் தேடி வடக்கே ரயில் ஏறுகிறார். வழிநெடுகப் பார்த்த ஊர்களில் இரண்டே பெயர்கள் மனத்தில் தங்குகின்றன. ஒன்று நிப்போரி, அது ஏன் தங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. மற்றது மிட்டோ, மிங் அரசு வீழ்ந்தபின் ஜப்பானில் அடைக்கலம் புகுந்து, நாடு திரும்பாமலே மறைந்த அறிஞர் ஜூ ஷுன்ஷுயின் நினைவோடு பிணைந்த ஊர். காரணம் இல்லாத நினைவையும் காரணம் உள்ள நினைவையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறாரே, அந்த நேர்மையை எத்தனை முறையும் ரசிக்கலாம். தனியே போகிறோம் என்று அவர் சொல்லவில்லை. தமக்கு முன் தனியே வந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

செண்டாயில் அவருக்கு நல்ல வரவேற்பு. பள்ளி கட்டணம் வாங்கவில்லை. ஊழியர்கள் சிலர் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். இந்த இடத்தில் லூ சுன் காய்கறிக் கடைக்குப் போய்விடுகிறார். பெய்ஜிங் முட்டைக்கோசு தெற்கே ஜெஜியாங்குக்குப் போனால் வேரில் சிவப்புக் கயிறு கட்டப்பட்டுப் பழக்கடையில் தலைகீழாகத் தொங்குமாம். ஃபூஜியனில் கேட்பாரற்று முளைக்கும் கற்றாழை பெய்ஜிங்குக்கு வந்தால் கண்ணாடிக் கூடத்தில் குடியேறுமாம். ஊரில் அரிதான பொருளுக்கு மதிப்பு கூடுகிறது. தமக்குக் கிடைத்த உபசாரம் அத்தகையது என்று அவருக்குத் தெரியும். நன்றி கெட்ட பேச்சாக அது ஒலிக்கவில்லை. அந்தக் கனிவின் உயரம் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்கிறார். இந்த அளவுகோல் பின்னால் தேவைப்படப் போகிறது.

அடுத்து வருவது என் மனத்தை விட்டு அகலாத பகுதி. சிறைச்சாலைக்குப் பக்கத்தில் விடுதி. குளிர்காலம் தொடங்கிவிட்டது, ஆனாலும் கொசு. உடம்பைப் போர்வையால் மூடி, தலையையும் முகத்தையும் துணியால் சுற்றி, மூக்குத் துளை இரண்டை மட்டும் வெளியே விடுகிறார். மூச்சு ஓயாமல் வந்து போகும் இடத்தில் கொசுவால் வாய் வைக்க முடியாது; ஆகவே நிம்மதியாகத் தூங்கினேன் என்கிறார். முன்பின் தெரியாத ஊரில் ஓர் இளைஞன் தனக்குத் தானே கண்டுபிடித்த வாழ்வு முறை அது. பிறகு ஒரு பெரியவர் வருகிறார். அந்த விடுதிக்காரர் கைதிகளுக்கும் சமைத்துப் போடுகிறார், நீங்கள் அங்கே தங்குவது தகாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நல்லெண்ணத்தைத் தட்ட முடியாமல் இவர் இடம் மாறுகிறார். புது இடத்தில் தினமும் சேப்பந்தண்டு சூப். தொண்டையில் இறங்க மறுக்கிறது. பிறர் காட்டும் அக்கறைக்கு விருந்தாளி கொடுக்கும் விலையை ஒரு கிண்ணம் சூப்பில் காட்டிவிட்டார்.

இதற்குப் பிறகுதான் ஆசிரியர் ஃபுஜினோ கென்குரோ வகுப்பறைக்குள் நுழைகிறார். கறுத்து மெலிந்த உடல், மீசை, கண்ணாடி, கையில் சின்னதும் பெரியதுமாய்ப் புத்தக அடுக்கு. உடையில் கவனமில்லாதவர், சில நாள் டை கட்டவும் மறந்துவிடுவார். அவர் இந்தச் சீன மாணவரிடம் கேட்பது ஒன்றே: என் பாடத்தை உன்னால் எழுதிக்கொள்ள முடிகிறதா? நோட்டை வாங்கிப் போகிறார். இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்த நோட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மை. விட்டுப்போனவை சேர்க்கப்பட்டிருந்தன; இலக்கணப் பிழைகள்கூடத் திருத்தப்பட்டிருந்தன. எலும்பு, இரத்தக்குழாய், நரம்பு என்று அவர் நடத்திய பாடமெல்லாம் முடியும்வரை வாரந்தோறும் இது தொடர்ந்தது.

முட்டைக்கோசில் கட்டிய சிவப்புக் கயிறும் நோட்டில் ஓடும் சிவப்பு மையும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. லூ சுன் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசவில்லை. ஆனால் கயிற்றைப் பார்த்த கண்ணோடு மையைப் பார்க்கும் வாசகருக்கு வேறுபாடு தானே விளங்கும். கயிறு அவரை அரிய பொருளாக்கியது. மையோ அவரைப் பிழை விடும், திருத்தினால் தேறும் மாணவராக நடத்தியது.

திருத்தத்திலும் ஒரு நயமான காட்சி உண்டு. முன்கை இரத்தக்குழாய் ஒன்றை இவர் படத்தில் சற்று இடம் மாற்றி வரைந்துவிட்டார். இப்படி இருந்தால் அழகுதான், ஆனால் உடற்கூற்றுப் படம் ஓவியமில்லை என்று ஆசிரியர் சாந்தமாக எடுத்துச் சொல்கிறார். மாணவர் வாயால் ஒப்புக்கொள்கிறார். படம் நன்றாகத்தான் இருக்கிறது, நிஜம் எப்படி என்பது மனத்தில் இருக்கிறது என்று உள்ளே முரண்டு பிடிக்கிறார். மருத்துவம் இழக்கப்போகும் ஒருவர், இலக்கியம் பெறப்போகும் ஒருவர், அந்த ஒரு இரத்தக்குழாய்க் கோட்டில் தெரிகிறார். 1906-இல் அவர் படிப்பை விட்டு விலகினார்.

அந்த நோட்டுகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாகக் கட்டுரையில் வருந்துகிறார். லூ சுன் 1936-இல் இறந்தார். நோட்டுகள் 1951-இல் அவருடைய சொந்த ஊரான ஷாவோஷிங்கில் கிடைத்தன. இன்று பெய்ஜிங்கில் உள்ள லூ சுன் அருங்காட்சியகத்தில் சிவப்புத் திருத்தங்களோடு இருக்கின்றன. மாணவரின் மறைவுக்குப் பிறகு, தம் சொந்த ஊர்ப்பக்கம் மருத்துவராக இருந்த ஃபுஜினோ அவரை நினைவுகூர்ந்து எழுதினார். நோட்டைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதற்காக ஏன் என்னை இப்படிப் போற்றினார் என்பது அவருடைய வியப்பு. அந்த வியப்புக்கு விடை கட்டுரையிலேயே இருக்கிறது. உபசாரம் செய்தவர்கள் பலர்; லூ சுன் எழுதியதை வரி விடாமல் படித்தவர் ஒருவர்.