கையொப்பங்களும் மூல ஏடுகளும்: ஆய்வுச் சஞ்சிகைகளின் ஒழுக்க விதிகள் மீது ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச் சஞ்சிகையொன்றில் கட்டுரை வெளியாவதற்கு முன்னர் அதனை எழுதியோர் பல பிரகடனங்களில் கையொப்பமிடுகின்றனர். ஆய்வு தமது சொந்த முயற்சி; நோயாளரின் சம்மதம் பெறப்பட்டது; ஒழுக்கவியல் குழு அங்கீகரித்தது; நிதி இன்னாரிடமிருந்து கிடைத்தது என்பன அவற்றுள் சில. பின்னர் துறைசார் அறிஞர் இருவரோ மூவரோ கட்டுரையை வாசித்து அபிப்பிராயம் கூறுகின்றனர். சக ஆய்வாளர் மீளாய்வு எனப்படும் இம்முறைக்கு அறிவுலகில் பெரும் மதிப்புண்டு. ஆயினும் மீளாய்வாளர் பொதுவாகக் காண்பது கட்டுரையை மாத்திரமே. நோயாளரின் ஏட்டையோ பரிசோதனைக் குறிப்பேட்டையோ அல்ல. கட்டுரை தன்னளவில் முரணின்றி இருக்கின்றதா என அவரால் கூற முடியும். அதில் சொல்லப்பட்டது நிகழ்ந்ததா என்பதை அவர் அறியார். சஞ்சிகை ஒழுக்கம் பற்றிய விதிகளின் பலவீனம் இவ்விடத்திலேயே ஆரம்பிக்கின்றது.

1994ஆம் ஆண்டு பிரித்தானியாவின் மகப்பேற்று மருத்துவச் சஞ்சிகையொன்றில் மல்கம் பியர்ஸ் என்ற வைத்தியர் ஒரு சாதனையை அறிவித்தார். கருப்பைக்கு வெளியே தரித்த கருவைக் கருப்பையினுள் பதித்துக் குழந்தை பிறக்கச் செய்ததாக அவர் எழுதினார். அப்படியொரு நோயாளியே இருக்கவில்லை. கட்டுரையில் இணையாசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் அவரது துறைத் தலைவர். அச்சஞ்சிகையின் பதிப்பாசிரியரும் அவரே, அரச மகப்பேற்றியல் கல்லூரியின் தலைவரும் அவரே. இத்தனை பெரிய பெயர் இருந்தும், அல்லது அது இருந்ததனாலேயே, எவரும் நோயாளியின் ஏட்டைக் கேட்கவில்லை. அதே வைத்தியசாலையில் பணியாற்றிய ஓர் இளம் வைத்தியரே சந்தேகத்தை எழுப்பினார்.

இவ்வாறான சம்பவங்களின் பின்னணியில் 1997இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகைகளின் பதிப்பாசிரியர்கள் சிலர் ஒன்றுகூடிப் பதிப்பு ஒழுக்கவியல் குழுவைத் தோற்றுவித்தனர். அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் 'கோப்' என்பதாகும். (இலங்கைப் பாராளுமன்றத்தின் கோப் குழுவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை.) அதனை ஆரம்பித்தவர்களுள் 'லான்செட்' சஞ்சிகையின் பதிப்பாசிரியர் ரிச்சட் ஹோர்டனும் ஒருவர். மறு ஆண்டே அவரது சஞ்சிகை, சென்ற நூற்றாண்டின் மிகப் பாதகமான மருத்துவக் கட்டுரைகளுள் ஒன்றை வெளியிட்டது.

1998 பெப்ரவரியில் வெளியான அக்கட்டுரையின் முதன்மை ஆசிரியர் அன்ட்ரூ வேக்பீல்ட். அவருடன் மேலும் 12 பேர் கையொப்பமிட்டிருந்தனர். ஆராயப்பட்ட குழந்தைகளும் 12 பேரே. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டுத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற எண்ணத்தை அது விதைத்தது. தடுப்பூசி உற்பத்தியாளருக்கு எதிராக வழக்குத் தொடரத் தயாரான சட்டத்தரணியூடாக வேக்பீல்டின் ஆய்வுக்கு 55,000 பவுண் சட்ட உதவி நிதி கிடைத்திருந்தது. கட்டுரை அதனைக் கூறவில்லை. தனிச் சின்னமுத்துத் தடுப்பு மருந்தொன்றுக்கு 1997இல் அவர் காப்புரிமை கோரியிருந்ததையும் கூறவில்லை. 1990களின் நடுப்பகுதியில் 92 வீதமாக இருந்த தடுப்பூசி ஏற்றல், இங்கிலாந்தில் 2003-04இல் 80 வீதமாக வீழ்ந்தது. சின்னமுத்து மீண்டும் பரவிய காலத்தில் நோயுற்ற பிள்ளைகள் எந்தப் பிரகடனத்திலும் கையொப்பமிட்டவர்கள் அல்லர்.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது 2004இல் நடந்த விசாரணையாகும். அவ்வாண்டு பெப்ரவரியில் ஊடகவியலாளர் பிரயன் டீர் தமது குற்றச்சாட்டுகளை லான்செட்டிடம் நேரில் முன்வைத்தார். சஞ்சிகை, ஆய்வு நடந்த அதே மருத்துவக் கல்லூரியிடமும் கட்டுரையின் முக்கிய ஆசிரியர்களிடமும் விளக்கம் கோரியது. குற்றம் சாட்டப்பட்டோரே சாட்சிகளாயினர்; அவர்களது நிறுவனமே நீதிமன்றமாயிற்று. சில நாட்களில் தீர்ப்பும் வெளியாயிற்று. நிதி பற்றிய தகவல் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் எனச் சஞ்சிகை ஒப்புக்கொண்டது. ஒழுக்கவியல் அங்கீகாரம் பற்றியும், குழந்தைகள் தெரிவு செய்யப்பட்ட விதம் பற்றியும் எழுந்த குற்றச்சாட்டுகளை நிராகரித்தது. அடுத்த மாதம் 10 இணையாசிரியர்கள் கட்டுரையின் வியாக்கியானத்திலிருந்து விலகிக்கொண்டனர். கட்டுரையோ அப்படியே இருந்தது.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. பொது மருத்துவப் பேரவையின் நீண்ட விசாரணை முடிவுற்ற பின், 2010 பெப்ரவரியில் லான்செட் கட்டுரையை முழுமையாக மீளப் பெற்றது. அதற்கு அது காட்டிய காரணங்கள் கவனத்திற்குரியவை: குழந்தைகள் தொடர்ச்சியாக வந்து சேர்ந்தவர்கள் என்ற கூற்றும், ஒழுக்கவியல் குழு அங்கீகரித்தது என்ற கூற்றும் பொய்யென நிரூபணமாயின. 2004இல் சஞ்சிகை தானே விசாரித்துக் குறையில்லை எனத் தள்ளிய அதே இரு விடயங்களே இவை. (மூத்த இணையாசிரியர் ஒருவருக்கு எதிரான பேரவையின் முடிவை 2012இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது என்பதையும் நீதியின் பொருட்டுக் குறிப்பிட வேண்டும்.) நோயாளர் ஏடுகளைக் கட்டுரையுடன் ஒப்பிட்ட டீரின் ஆய்வு 2011இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. 12 குழந்தைகளுள் ஒருவரது விபரமேனும் பிறழாமல் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது அதன் முடிவாகும்.

பதிப்பாசிரியர் பொலிஸ்காரர் அல்லர், வைத்தியசாலை ஏடுகளைக் கைப்பற்றும் அதிகாரம் அவருக்கில்லை என்று கூறப்படுவதுண்டு. அது உண்மையே. கோப் குழுவின் வழிகாட்டல்களும் இதனாலேயே, கட்டுரையாளரின் விளக்கம் திருப்தியளிக்காதவிடத்து அவரது நிறுவனத்தை நாடும்படி பதிப்பாசிரியருக்குக் கூறுகின்றன. ஆனால் தன் நற்பெயரும் நிதியும் ஆபத்திலிருக்கும் நிறுவனம் எவ்வளவு தூரம் நடுநிலை பேணும்? ஏடுகளைக் கைப்பற்ற முடியாதவருக்கும் அவற்றைக் காட்டும்படி கேட்க முடியும். காட்ட மறுத்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்ப முடியும். அந்த அதிகாரம் எப்போதும் அவர் கையிலேயே இருந்திருக்கின்றது. வாசகர் அவரிடம் ஒப்படைத்த அமானிதமும் அதுவே.

2020 மே 22இல் அதே லான்செட், கொவிட் நோயாளருக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் தீங்கானது எனக் கூறும் கட்டுரையொன்றை வெளியிட்டது. 671 வைத்தியசாலைகள், 96,032 நோயாளர் என அது கூறிய எண்ணிக்கை பிரமிக்க வைத்தது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தனது பரிசோதனையின் அம்மருந்துப் பகுதியை இடைநிறுத்தியது. அவுஸ்திரேலியாவில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாகக் கட்டுரையின் தரவு கூறியது. அந்நாட்டில் அதுவரை இறந்தோர் மொத்தமே 67 பேர். இந்த முரணைக் காண மூல ஏடுகூடத் தேவைப்படவில்லை. அச்சேறிய பின்னர் வெளியிலிருந்த விஞ்ஞானிகளும் பத்திரிகையாளருமே அதனைக் கண்டனர். தரவை வைத்திருந்த 'சேர்ஜிஸ்பியர்' நிறுவனம் அதனைச் சுயாதீனப் பரிசோதகருக்குக் கையளிக்க மறுத்தது. ஜூன் 4இல் நான்கு ஆசிரியர்களுள் மூவர் கட்டுரையை மீளப் பெற்றனர்.

அன்று பன்னிரண்டு ஆண்டுகள், இம்முறை பதின்மூன்று நாட்கள். இதனைச் சஞ்சிகையின் விழிப்புணர்வு வளர்ந்ததற்குச் சான்றாகக் கொள்ளவியலாது. இரு சந்தர்ப்பங்களிலும் கதவைத் தட்டியவர் வெளியாரே.

2020 செப்டெம்பரில் லான்செட் தனது விதிகளைத் திருத்தியது. தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்ததாக ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரையாளர் இனிக் கையொப்பமிட வேண்டும். பெருந்தரவை ஆதாரமாகக் கொண்ட கட்டுரைகளாயின் அத்தரவின் இயல்பை அறிந்த ஒருவரேனும் மீளாய்வாளருள் இருப்பதைப் பதிப்பாசிரியர் உறுதிப்படுத்த வேண்டும். முதலாவது விதி இன்னொரு கையொப்பத்தை மாத்திரமே கூட்டுகின்றது. 1998இல் கையொப்பங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இரண்டாவதிலேயே, காலந்தாழ்த்தியேனும், பதிப்பாசிரியரின் கண் கட்டுரையைத் தாண்டித் தரவின் பக்கம் திரும்புகின்றது.