பரோலோ: துவர்ப்பை ருசிக்கும் வழி

பரோலோவை முதல்முறை கிளாஸில் ஊற்றிப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். சிவப்பு ஒயின் என்றால் நாவல்பழச் சாறு போலக் கருத்திருக்கும் என்று நினைத்திருப்போம். இது மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்தது போல வெளிறி இருக்கும். பழையது என்றால் ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருக்கும். நிறத்தைப் பார்த்து, லேசான சரக்கு என்று நம்பி ஒரு மடக்குக் குடித்தால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலர் அந்த இடத்திலேயே கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். அந்தத் துவர்ப்புதான் பரோலோ.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணியவர்கள் நாம். வாழைப்பூவும் நெல்லிக்காயும் பாக்கும் பழகிய நாக்குக்கு இது அந்நியமில்லை. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. பரோலோவுக்கான நெபியோலோ திராட்சையில் டானின் மிக அதிகம். புளிப்பும் அதற்குச் சளைத்ததல்ல.

இத்தாலியின் வடமேற்கில், பியட்மாண்ட் பகுதியில், ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோவில் செய்தால் மட்டுமே பரோலோ என்று பெயரிடலாம். இத்தாலிய மொழியில் நெபியா என்றால் மூடுபனி. அக்டோபரில், பழம் பறிக்கும் சமயம், அந்தக் குன்றுகளைப் பனி மூடிக்கொள்ளும். திராட்சையின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். மெதுவாகப் பழுக்கும் ரகம் என்பதால் வெயில் நன்றாக விழும் சரிவுகளையே இதற்கு ஒதுக்குகிறார்கள்.

ஊர் மாறினால் ருசியும் மாறும். மேற்கே லா மொர்ரா பக்கத்து ஒயினில் மணம் முந்திக்கொள்ளும், துவர்ப்பு சற்று இளகியிருக்கும். கிழக்கே செர்ராலுங்கா ஒயின் முரடு. பத்து வருடமாவது பொறுத்துத் திறக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லா மொர்ராவே நல்லது என்பேன். பொறுமை சட்டத்திலேயே இருக்கிறது: குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்த பிறகுதான் விற்கலாம். ‘ரிசர்வா’ என்றால் 62 மாதம்.

நம் ஊர் அறை வெப்பம் இதற்கு ஆகாது. 16 முதல் 18 டிகிரி போதும். குடிப்பதற்கு முன் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு அகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றுப் பட விடுங்கள். பெரிய கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, சுழற்றி, முகர்ந்து பாருங்கள். காய்ந்த ரோஜா இதழ், செர்ரி, அதற்கு அடியில் புதிதாகப் போட்ட சாலையின் தார் வாசனை. ரோஜாவும் தாரும் ஒரே கிளாஸில் இணங்கி நிற்பதை வேறு ஒயின்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

வெறும் வயிற்றில் மட்டும் இதைக் குடிக்காதீர்கள். பியட்மாண்ட்காரர்கள் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே ஊறவைத்து, மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைப்பார்கள். பிரசாட்டோ என்று பெயர். முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்த்த தஜாரின் நூடுல்ஸில் வெண்ணெய் உருக்கி, ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் காளானைச் சீவிப் போடுவார்கள். இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது டானினின் பிடி தளர்கிறது. தனியே இழுத்துப் பிடித்த ஒயின், ஒரு வாய் இறைச்சிக்குப் பின் பட்டுப்போல இறங்கும். முற்றிய பாலாடைக்கட்டியும் பொருந்தும். காரம் வேண்டாம். மிளகாய்க் குழம்போடு குடித்தால் துவர்ப்பு கசப்பாகவும் ஆல்கஹால் எரிச்சலாகவும் மாறிவிடும்.

முதல் மடக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். கிளாஸில் இரண்டு மடக்கு மிச்சம் வைத்து, சாப்பாடு முடிந்ததும் மறுபடி முகர்ந்து பாருங்கள். ரோஜா அப்போதுதான் முழுசாக விரிந்திருக்கும்.