கண்காணிப்பும் அலரும்: ‘பிக் பாஸ்’ வகை நிகழ்ச்சிகள் குறித்து ஒரு நோக்கு

மெய்ந்நிலைத் தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றி நம்மிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகின்றன. அங்கு நடப்பவை உண்மையா, எழுதிவைத்து நடிக்கப்படுபவையா என்பதே அவ்வினா. இவ்வினா பொருத்தமற்ற இடத்தில் கேட்கப்படுகின்றது என்றே தோன்றுகிறது. போட்டியாளர் அழுவது மெய்யான அழுகையாகவே இருக்கலாம். அவ்வழுகை எந்தக் காட்சிக்குப் பின் வைக்கப்படுகின்றது, யார் அதனை வைக்கின்றார், அதனைக் கொண்டு நாம் என்ன தீர்ப்பு வழங்குகின்றோம் என்பனவே ஆராயத்தக்கவை.

இவ்வகை நிகழ்ச்சியின் மூலவடிவம் 1999 செப்டம்பரில் நெதர்லாந்தின் வெரோனிகா தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘பிக் பிரதர்’ ஆகும். ஜான் டி மோல் உருவாக்கிய அவ்வடிவம் ஜார்ஜ் ஆர்வெல்லின் 1949ஆம் ஆண்டு நாவலிலிருந்து பெயரைப் பெற்றுக்கொண்டது. பெயரை மட்டுமே பெற்றது எனலாம். ஆர்வெல்லின் உலகில் அரசு பார்க்கின்றது, மக்கள் பார்க்கப்படுகின்றனர். தொலைக்காட்சி வீட்டிலோ பார்ப்போரே மக்கள். ஜெரமி பெந்தாமின் வட்டச் சிறைத் திட்டத்தைக் கொண்டு மிஷல் ஃபூக்கோ 1975இல் விளக்கியது, ஒருவர் பலரைப் பார்க்கும் ஏற்பாடு. நார்வே நாட்டுச் சமூகவியலாளர் தாமஸ் மதீசன் 1997இல் இதன் மறுதலையைச் சுட்டினார். வெகுசன ஊடகத்தின் வழி பலர் சிலரைப் பார்க்கும் ஏற்பாடு அது. பிக் பிரதர் வீட்டின் உள்ளமைப்பு பெந்தாமினுடையது. வெளியமைப்பு மதீசன் கூறியது. இவ்விரண்டிற்கும் இடையில் தொகுப்பறை ஒன்று இருக்கின்றது. நம் விமர்சனங்கள் கேமராவைப் பற்றியே பேசிவிட்டு இந்த அறையைக் கடந்து சென்றுவிடுகின்றன.

வீட்டின் விதிகள் எளியவை. தொலைபேசி, செய்தித்தாள், தொலைக்காட்சி எதுவும் இல்லை. ஒலிவாங்கி எப்போதும் உடலோடு இருத்தல் வேண்டும். யாரை வெளியேற்றலாம் என்று ஒவ்வொருவரும் தனியறையில், முகம் காட்டாத குரலொன்றிடம் கூறுதல் வேண்டும். அதனைப் பிறரோடு கலந்து பேசுதல் கூடாது. இறுதியாகக் கூறிய விதியே இயந்திரத்தின் அச்சாணி. ஒரே பானையில் உண்பவர்கள் ஒருவரையொருவர் இரகசியமாகக் குற்றஞ்சாட்டியே ஆகவேண்டும் என்பது அதன் பொருள். 2000ஆம் ஆண்டு பிரிட்டனின் முதற்பருவத்தில் நிக் பேட்மன் என்பார் தாளில் பெயர்களை எழுதிக் காட்டிச் சக போட்டியாளரின் முடிவுகளைத் தம் விருப்பப்படி திருப்ப முயன்று வெளியேற்றப்பட்டார். அவரது சூழ்ச்சியை நேயர்கள் முன்னரே அறிந்திருந்தனர். உடனிருந்தவர்களே இறுதியில் அறிந்தனர். உள்ளிருப்போர் அறியாததை வெளியிலிருப்போர் அறிந்திருத்தல் என்னும் இந்த இடைவெளியிலிருந்தே நிகழ்ச்சியின் சுவை பிறக்கின்றது. தெருக்கூத்து முதல் தொலைக்காட்சித் தொடர் வரை நாடகம் அனைத்தும் இதே இடைவெளியைப் பயன்படுத்துகின்றன. ஆயினும், அங்கு ஏமாறுபவர் கதைமாந்தர். இங்கு ஏமாறுபவர் நிகழ்ச்சி முடிந்தபின் தம் வீட்டிற்குத் திரும்ப வேண்டிய மனிதர்.

தமிழில் விஜய் தொலைக்காட்சி 2017 ஜூன் மாதம் ‘பிக் பாஸ்’ முதற்பருவத்தைத் தொடங்கியது. கமல்ஹாசன் ஏழு பருவங்களைத் தொகுத்து வழங்கினார்; 2024இல் அப்பொறுப்பு விஜய் சேதுபதியிடம் சென்றது. முதற்பருவத்திலேயே தமிழுக்குக் கிடைத்த ஒரு புதுப்பொருள் ‘குறும்படம்’. சல்லிக்கட்டுப் போராட்டத்தின் வழி அறியப்பட்ட செவிலியரான ஜூலி, நடிகை ஓவியாவைப் பற்றிக் கூறியது பொய் என்பதைப் பதிவான காட்சிகளைத் திரையிட்டு மெய்ப்பித்தார் கமல். அன்று முதல், வாரந்தோறும் குறும்படத்தைக் கேட்டு நேயர்கள் ஆரவாரம் செய்வது வழக்கமாயிற்று. கண்காணிப்புப் பதிவு இவ்விடத்தில் நீதிமன்றச் சான்றாக மாறிவிடுகின்றது. சான்றைத் தேர்ந்தெடுப்பவரும் வழக்கைத் தொடுப்பவரும் ஒருவரே என்பதோ எவர்க்கும் உறுத்துவதில்லை. நாள் முழுதும் பல கேமராக்கள் பதிவுசெய்வதில் இரவில் நமக்குக் கிட்டுவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். ‘அனைத்தும் பார்க்கப்படுகின்றன’ என்னும் அறிவிப்பே அந்த ஒரு மணி நேரத்திற்கு முழுமையின் தகுதியை வழங்கிவிடுகின்றது. 2022இல் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ இணையவழி இருபத்துநான்கு மணி நேரமும் ஒளிபரப்பப்பட்டது. அங்கும் எந்தக் கேமராவின் காட்சி நம்மை வந்தடைய வேண்டும் என்பதை வேறொருவரே முடிவு செய்தார்.

இக்கட்டத்தில் அகமரபின் அம்பலும் அலரும் நினைவுக்கு வருவது இயல்பே. தலைவியின் களவொழுக்கத்தை ஊரார் முணுமுணுப்பது அம்பல். வெளிப்படப் பேசுவது அலர். பிக் பாஸ் இல்லத்தைப் பற்றிய பேச்சை நவீன அலர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. மாணவர்களின் ஆய்வேடுகளில் இத்தகைய ஒப்பீடுகளுக்குக் குறைவில்லை. ஒப்புமையைக் காட்டிலும் வேற்றுமையே இங்கு நமக்குப் பயன்தருவதாகும். அகப்பாடல்களில் அலர் தூற்றுவோர் தலைவியின் ஊரிலேயே வாழ்பவர்கள். நாளை அவர்தம் மகளைக் குறித்தும் அலர் எழலாம். மேலும், அலருக்கு அங்கு ஒரு பணி உண்டு. தோழி அதனைக் காட்டித் தலைவனை வரைவுக்கு உந்துகின்றாள். மணம் நிகழ்ந்ததும் அலர் அடங்குகின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயரின்மையால் ஓர் அந்தரங்க உணர்வு எல்லார்க்கும் உரிய பொருளாயிற்று. எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. தொலைக்காட்சி வீட்டிலோ பெயரே மூலதனம். பேசுவோர் முகமற்றவர்கள், பேசப்படுவோர்க்கு மட்டுமே பெயர் உண்டு. ஓவியா 2017 ஆகஸ்டில் அவ்வீட்டை விட்டு வெளியேறியபின் அவர் பெயரில் ‘ஆர்மி’ எனும் ரசிகர் அணியினர் சமூக ஊடகங்களில் இயங்கினர். ஜூலியோ அதே ஊடகங்களில் ஏச்சுக்கு ஆளானார். அன்பும் வெறுப்பும் ஒரே தொகுப்பறையிலிருந்தே பிறந்தவை.

இதன் விலையை அறியப் பிரிட்டனின் ஜேட் கூடியின் வாழ்க்கையை நோக்குதல் தகும். 2002இல் பிக் பிரதர் வழி அறிமுகமான அவரை இதழ்கள் முதலில் இழிவாக எழுதின; பின்னர்க் கொண்டாடின. 2007 ஜனவரியில் புகழ்பெற்றோருக்கான பதிப்பில் அவரும் வேறு சிலரும் நடிகை ஷில்பா ஷெட்டியிடம் நடந்துகொண்ட முறை இனவாதம் எனக் கண்டிக்கப்பட்டது. ஒளிபரப்பு ஒழுங்காற்று நிறுவனமான ஆஃப்காமிற்கு 44,500க்கும் மேற்பட்ட முறையீடுகள் சென்றன. அவ்வாண்டு மே மாதம் வெளியான ஆஃப்காமின் தீர்ப்பு, சேனல் 4 ஒளிபரப்பு விதிகளை மீறியதாகக் கண்டது. ஒளிபரப்பப்படாத பதிவொன்றில் இனவசைச் சொல் இடம்பெற்றிருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. கேமரா அதனைப் பார்த்திருந்தது, பொதுமக்கள் பார்த்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு கூடி இந்தி ‘பிக் பாஸ்’ இரண்டாம் பருவத்தில் பங்கேற்க வந்தார். அதனைத் தொகுத்து வழங்கியவர் ஷில்பா ஷெட்டி. வீட்டினுள் சென்ற ஓரிரு நாள்களிலேயே தமக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் இருப்பதை அவர் அறிய நேர்ந்தது. நாடு திரும்பியவர் தம் திருமணத்தையும் நோயின் நாள்களையும் படம்பிடிக்க ஒப்புக்கொண்டார். பிள்ளைகளின் எதிர்காலத்திற்குப் பொருள் தேவை என்று வெளிப்படையாகவே கூறினார். 2009 மார்ச் 22இல், 27 வயதில் மறைந்தார். இவ்வொப்புதலை விளம்பர வேட்கை என்று ஏளனம் செய்தோர் உண்டு. பார்க்கப்படுதலும் ஓர் உழைப்பே என்று மார்க் ஆண்ட்ரேயெவிக் 2004இல் வெளியான தம் நூலில் வாதிடுகின்றார். அக்கருத்தின்படி நோக்கினால், அதுவரை பிறர் ஈட்டிய வருவாயில் தம் பங்கைக் கணக்கிட்டுக் கேட்ட தொழிலாளியாகவே கூடி தென்படுகின்றார்.

நம் நாட்டினர்க்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. 2003இல் ஆஸ்ட்ரோ தொடங்கிய ‘அகாடமி ஃபந்தாசியா’ மாணவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து அவர்தம் அன்றாடத்தை நாட்குறிப்பாக ஒளிபரப்பியது; குறுஞ்செய்தி வாக்கு முடிவைத் தீர்மானித்தது. பாடும் திறனுக்கான போட்டியில் உறக்கமும் ஊடலும் ஏன் காட்டப்பட வேண்டும் என்று அன்று நம் தமிழ் இதழியலில் எவரேனும் அழுத்தமாகக் கேட்டிருப்பின் நன்றாக இருந்திருக்கும். 2019இல் மலேசியப் பாடகர் முகேன் ராவ் தமிழ் பிக் பாஸ் மூன்றாம் பருவத்தில் வெற்றி பெற்றார். நம்மவர் வென்றார் என்னும் மகிழ்ச்சி நியாயமானதே. எனினும், அவரது பாடல்களைப் பற்றிப் பேசியதினும் அவர் அவ்வீட்டில் யாரிடம் சினந்தார், யாருக்காக அழுதார் என்பதைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேசினோம்.