களைத்தோர்க்கு இரு பாடல்கள்

பொதுப்பணியில் இறங்கியோரைச் சோர்வு ஒரு நாள் வந்து பற்றவே செய்யும். அன்பியத்திலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 'இனி என்ன பயன்?' என்று ஒதுங்கிக்கொண்டோர் நம் பங்குகளிலும் உண்டு. ஓய்வு உடலைத் தேற்றும். இழந்த நோக்கத்தையும் அது மீட்டுத் தருமா? இவ்வினாவோடு, கொடைக்கானலின் பாதரசத் துயரைப் பாடிய இரு பாடல்களை ஈண்டு மதிப்பிட விழைகிறோம்.

பின்னணி நம்மில் பலர் அறிந்ததே. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களில் பழனி மலைக்கு இடம்பெயர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையொன்றில் குவிந்து கிடப்பதை 2001 மார்ச்சில் ஊரார் வெளிப்படுத்தினர், ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. தொழிலாளரின் நோய்களுக்கு ஆலையே காரணம் என்பதை நிறுவனம் மறுத்தது. முன்னாள் தொழிலாளர் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர்.

2015 ஜூலை இறுதியில், சோஃபியா அஷ்ரஃப் பாடி ரதீந்திரன் பிரசாத் இயக்கிய 'கொடைக்கானல் வோன்ட்' வெளிவந்தது. நிக்கி மினாஜின் 'அனகோண்டா' என்னும் களியாட்டப் பாடலின் மெட்டில் குற்றச்சாட்டை ஏற்றிய துணிவே அதன் சிறப்பு. இலட்சக்கணக்கானோர் அதைக் கண்டனர். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு கண்டது.

பாட்டே வென்றது என்பது எளிய முடிவு. நாம் அதை ஏற்பதற்கில்லை. பதினான்கு ஆண்டுகளாகக் கூடிப் பேசி, மனு எழுதி, நீதிமன்றப் படியேறியோர் இல்லையேல், பாடுவதற்குப் பொருளே இருந்திராது. எனினும் பாட்டின் பங்கு சிறிதன்று. உழைப்பைக் காட்டிலும், கேட்பாரின்மையே மனிதரை அதிகம் களைப்பிக்கிறது. அக்கேட்போரை இப்பாடல் தேடித் தந்தது. குறையும் ஒன்றுண்டு: அது ஆங்கிலத்தில் அமைந்தது. தொலைவில் இருப்போரின் செவியை எட்டிய அப்பாடலை, அத்துயரைச் சுமந்தோர் தம் வாயால் பாடிக்கொள்ள இயலாது.

2018இல் வந்த 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' இக்குறையைத் தீர்க்க முயல்கிறது. சோஃபியாவுடன் டி. எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் இணைய, தமிழ்ச் சொற்களோடு கர்நாடக இசையும் கலந்து ஒலிக்கிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை எஞ்சலாம் என்ற துப்புரவு அளவு நம் மலைக்கு மட்டும் எப்படிப் போதுமாகும் என்பதே அதன் வழக்கு. முதற்பாடலின் குறும்பு இதில் குறைவு. ஆனால் நம் கணிப்பில் இதுவே மேலானது.

காரணம், அது பிறந்த வேளை. இழப்பீட்டு வழக்கு முடிந்துவிட்டது. 'நம் கடமை தீர்ந்தது' என்று எவரும் கலைந்து செல்லும் நேரம். அப்போது இப்பாடல் பார்வையை மண்ணின் பக்கம் திருப்புகிறது. ஆலையை ஒட்டியது பாம்பாறு சோலை. பாம்பாற்று நீர் பெரியகுளம் அருகே கும்பக்கரையில் அருவியாய் விழுகிறது. தமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காகத் தொடங்கிய போராட்டம், மலையடிவாரத்தில் முகமறியாதோர் குடிக்கும் நீருக்காகவும் ஆகிறது. நோக்கம் மீள்வது இவ்வாறுதான்: தன் சுமையோடு அயலான் சுமையும் கண்ணில் படும்போது, ஓய்ந்த கால்களுக்கு எழுந்து நடக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

இரு பாடல்களையும் அன்பர்கள் ஒருமுறையேனும் கேட்க வேண்டுகிறோம். பணியிலிருந்து ஒதுங்கி நிற்போர் இரண்டாவதை முதலில் கேட்பது நன்று.